முதல் ஜாபுக்கு வைத்த பொட்டு

போன ஆயுத பூஜைக்கு நம்ம ஷாப்புக்கு வந்திருந்தேன். வேலையை விட்டு ரெண்டு வருஷம் ஆகியும் பூஜைக்கு மறக்காமல் கூப்பிடுகிறார்கள். நானும் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ரெண்டு பஸ் மாறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்துவிடுவேன்.

அன்றைக்கு உங்களில் ஒரு பெண், சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகியிருக்காது, குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு ரவை அடிக்கிற கேபின் கதவுக்குப் பொட்டு வைத்தாள். கம்ப்ரசருக்கு வைத்தாள். அப்படியே கோட்டிங்குக்கு வந்து டிரேயில் அடுக்கியிருந்த ஜாபுக்கும் வைக்கக் கையைக் கொண்டுபோனாள். கோட்டிங் கன் பிடிக்கிற துரை பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். தட்டு விழுந்து தரையெல்லாம் சிவப்பு. எல்லார் எதிரிலும் அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லா கம்பெனிலயும் மொத ஜாபுக்குத்தான் பொட்டு வைப்பாங்க. இங்க மட்டும் ஜாபு இன்னா பாவம் பண்ணுச்சு பாட்டி?"

"பாட்டின்னா அடி உழும். அக்கான்னு கூப்புடு."

"சரிக்கா. இன்னா பாவம் பண்ணுச்சு?"

"அது ஒண்ணும் பண்ல. அப்புறம் சொல்றேன் போ" என்றேன்.

துரைக்குக் காரணம் தெரியும். பழைய ஆட்கள் இன்னும் ரெண்டு பேருக்குத் தெரியும். என் மேல் உள்ள மரியாதையில் யாரும் வாயைத் திறப்பதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். ஒரு நாளைக்கு நாலு வரி, அஞ்சு வரி என்று எழுதியது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

இந்த ஷாப்பில் நான் சேர்ந்தது பெருக்கித் துடைக்க. முடித்தது இன்ஸ்பெக்‌ஷன் மேசையில். நடுவில் இருந்த வருஷமெல்லாம் கேபினுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றது. கண்ணாடி ரவையைக் காற்றில் அடித்து ஜாபின் மேல் விடுகிற வேலை உங்களுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்று இப்போது சுவரில் கடிகாரம் வைத்திருக்கிறீர்கள். எனக்குக் காதுதான் கடிகாரம். கோட்டிங் புதுசாக இருக்கும்போது சத்தம் கரகரவென்று வரும். அடிக்க அடிக்க மேடு பள்ளமெல்லாம் அமுங்கி, இறுகி, சத்தம் மெலிந்துகொண்டே வரும். எண்ணெயில் போட்ட கடுகு வெடித்து அடங்குமே, அந்த மாதிரி. அடங்கின நொடியில் பெடலிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். அதுக்கு மேல் அடித்தால் அதே ரவை கோட்டிங்கைப் பிளந்துவிடும். இன்றைக்கும் வீட்டில் தாளிக்கும்போது கடுகு அடங்கினால் என் வலது கால் தானாகத் தரையை விட்டு எழும்புகிறது. கீழே பார்த்தால் பெடல் இல்லை, வெறும் மொசைக். 

நம்ம ஷாப் அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஃபோர்ஜிங் கம்பெனிகளின் சூளையில் நெருப்பு கக்குகிற பர்னர் வாய்களுக்குக் கோட்டிங் போட்டுக் கொடுப்போம். போட்டதும் பார்க்க அழகாக இருக்கும். மூணே மாசத்தில் செதில் செதிலாக உரிந்து, உள்ளே இரும்பைச் சூடும் காற்றும் தின்ற பிறகு, திரும்பி வரும். கஸ்டமர் அதைக் கொண்டுவந்து முதலாளி மேசை மேல் வீசிவிட்டுப் போனதை நானே பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்தாள். எஞ்சினியர். பேர் சொல்ல மாட்டேன், அவளைக் கேட்காமல் அவள் பேரை எழுத எனக்கு உரிமை கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கொரட்டூரில் நாலு பெண்களோடு சேர்ந்து ஒரு ஃபிளாட்டில் இருந்தாள். அவளுக்கு இருபத்தஞ்சு வயசு, எனக்கு அம்பது தாண்டியாயிற்று. ஆனாலும் இந்தத் தொழிலில் எனக்கு குரு யார் என்று கேட்டால் அவளைத்தான் சொல்வேன்.

வந்த முதல் வாரம் கேபின் பக்கம் வந்து நின்றாள்.

"அக்கா, துரு பிடிக்கக் கூடாதுன்னுதான எல்லாரும் பாடுபடுதோம்? நான் துரு பிடிக்க வைக்கதுக்கு வந்திருக்கேன்."

"அதுக்கு எதுக்கும்மா எஞ்சினியரு? வெளிய தூக்கிப் போடு, மழையே பண்ணிடும்."

அவள் சிரித்த சிரிப்பில் துரை கன்னை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"அது தின்னுத துருக்கா. நான் சொல்லுதது காவல் காக்குத துரு. கோட்டிங்குல அலுமினியம் இருக்கு பாத்தியளா, அதை மொதல்லயே மெதுவா, கொஞ்சம்போல காத்து விட்டுச் சூடு பண்ணுனா மேல மெலிசா ஒண்ணு கட்டும். அது கட்டிட்டுன்னா அப்புறம் எம்புட்டு நெருப்பு வந்தாலும் உள்ள விடாது."

"பாலு மேல ஆடை கட்டுமே, அத்த மாதிரியா? அவசரமா காச்சினா பொங்கிப் பூடும். சிறுசா வச்சாதான் கட்டும்."

"நாலு வருசம் படிச்சதை ஒரு வார்த்தைல சொல்லிட்டீயளே" என்றாள். இன்றைக்கும் ஜாப் கார்டில் 'ஆடை' என்று எழுதுகிறீர்களே, அது அன்றைக்கு நான் வைத்த பேர். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை.

ஆடை ஒழுங்காகக் கட்ட வேண்டுமானால் பால் பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும், இல்லையா? இங்கேயும் அப்படித்தான். முதலில் ரவை அடித்து மேல்புறத்தை இறுக்க வேண்டும். அடித்தபிறகு சூளைக்குப் போகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. கை வேர்வை உப்பு, அது ஒரு பொட்டு இருந்தாலும் அந்த இடத்தில் ஆடை கட்டாது என்றாள். வெள்ளைக் கையுறை வாங்கித் தந்தாள். புது வேலை தொடங்கும்போதெல்லாம் பூஜை செய்து முதல் ஜாபுக்குப் பொட்டு வைக்கிற நம்ம வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னாள். "கும்பிடுங்க, வேணாம்னு சொல்லல. தொட்டுக் கும்பிடாதீய" என்றாள். நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் தடவை செய்து பார்த்தது தோற்றது. ரெண்டாவதும் தோற்றது. சூளை வாடகைச் சூளை, சூடு சீராக இல்லை என்றாள். பவுடர் பழசு என்றாள். அவளுக்கு அதெல்லாம் காரணம். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று. இந்த ஷாப் ஆரம்பித்த நாளிலிருந்து பொட்டு வைக்காமல் தொடங்கின வேலை அது ரெண்டுதான்.

முதலாளி லேத்தில் நின்று மேலே வந்தவர். நல்ல மனுஷன், ஆனால் பொறுமை குறைவு. எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"தோ பாரும்மா. மூணாவது தபா ஆறு பீஸு போடு. ஆறும் நின்னா நம்ம ஷாப்புலயே சூளை வாங்கி வைக்கிறேன். ஒண்ணு உரிஞ்சாலும் இத்தோட ஏறக்கட்டிடு. இன்னா?"

"சரிங்க சார்" என்றாள்.

அப்போதே அவளுக்கு ஹைதராபாத்தில் ஒரு வேலை வந்திருந்தது. என்னிடம் மட்டும் சொன்னாள். "இது நின்னுட்டுன்னா நான் எங்கயும் போகமாட்டேன்க்கா. இது என் பிள்ளை மாதிரி." அந்த ஆறு பீஸுக்கும் ஒரு தாள் போட்டாள். அதில் இன்ஸ்பெக்‌ஷன் என்கிற இடத்தில் என் பேரை எழுதினாள், லோகநாயகி என்று முழுசாக, நான் படிக்கிற மாதிரி தமிழில். அதுவரைக்கும் கம்பெனித் தாளில் என் பேர் வந்தது சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் மட்டும்தான்.

ஆறையும் நானே அடித்தேன். அந்த மாதிரி என் வாழ்நாளில் அடித்ததில்லை. ஆறும் ஒரே மாதிரி அடங்கியது. கையுறை போட்டு டிரேயில் வைத்து, மேலே வெள்ளைத் துணி போர்த்தினேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு மணி. மறுநாள் காலையில் சூளை. சூடு காட்டுகிற மீட்டரைச் சரி பார்க்க அவள் ஆவடிக்குப் போயிருந்தாள். துரை டீ குடிக்கப் போயிருந்தான். ஷாப்பில் நானும் டிரேயும்தான்.

அவளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் செய்தேன். இதை எத்தனை தடவை சொன்னாலும் பிரயோஜனம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். சாமி அலமாரியிலிருந்து விபூதி எடுத்து, குழாய்த் தண்ணீரில் குழைத்து, முதல் பீஸுக்கு மூணு விரலால் பட்டை போட்டேன். நடுவில் குங்குமம் வைத்தேன். கையைக் கூப்பிக்கொண்டு, இந்தப் பொண்ணைக் கைவிட்டுடாதே என்று வேண்டிக்கொண்டேன். எஸ்டேட் போர்வெல் தண்ணீர் எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பக்கெட்டில் பிடித்து வைத்தால் மறுநாள் விளிம்பில் வெள்ளையாக உப்பு நிற்கும். அதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

கேட் சத்தம் கேட்டது. டிரேயில் இருந்த வெள்ளைத் துணியாலேயே பரபரவென்று துடைத்தேன். ஜாப் கழுவுகிற ஸ்பிரிட் பாட்டில் அவள் அலமாரியில் பூட்டியிருந்தது. விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு சுவடு இல்லை. கறை பட்ட துணியை இடுப்பில் செருகிக்கொண்டு வேறு வெள்ளைத் துணி போர்த்தினேன்.

உள்ளே வந்தவள் அவள்தான். "எல்லாம் பத்திரமாக்கா?" என்றாள்.

"பத்திரமா கீது" என்றேன்.

அந்த இடத்தில் சொல்லியிருந்தால்கூட ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. ரெண்டு திட்டு திட்டியிருப்பாள். மறுபடி அடித்து, ஸ்பிரிட்டில் கழுவி, காலையில் சூளைக்கு ஏற்றியிருப்போம்.

ஆடை கட்டி வந்த ஆறையும் சிவக்கச் சிவக்கச் சூடேற்றுவது, வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிடுவது, திரும்ப ஏற்றுவது என்று பத்து நாளுக்கு மேல் போட்டு வாட்டினோம். கடைசி நாள் மேசை மேல் வரிசையாக வைத்தோம். அஞ்சு பீஸும் புறா முதுகு மாதிரி சாம்பல் நிறத்தில், வழவழவென்று, தட்டினால் கணீர் என்றது. ஒன்று மட்டும் உரிந்திருந்தது. முதல் பீஸ்.

துரை அதை நெட்டுக்குத்தாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது மூணு கீறல். நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். எனக்குத் தெரிந்தது என் மூணு விரல். நடுவில் ஒரு சின்ன வட்டம், அங்கே இரும்பு வரைக்கும் பள்ளம்.

அவள் அஞ்சு நல்ல பீஸையும் பார்க்கவே இல்லை. அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதலாளி, துரை, எல்லார் முன்னாலும் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஆறுல இந்த ஒண்ணுல மட்டும் எதும் வித்தியாசமா செஞ்சோமாக்கா? யாரும் தொட்டாவளா?"

தாளில் என் பேர் இருந்தது. அதைத் தொடாதே இதைத் தொடாதே என்று ஷாப்பையே விரட்டினவள் நான்தான். முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றேன்.

"அக்கா அந்த டிரே மேல ஈயக்கூட ஒக்கார உடல மேடம்" என்று துரை வேறு சொன்னான். அவன் உண்மையைத்தான் சொன்னான், அவனுக்குத் தெரிந்த உண்மை.

அவள் என்னை மறுபடி கேட்கவில்லை. சந்தேகமாக ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. "அப்ப முறையிலதான் கோளாறு சார். எங்கன்னு எனக்குத் தெரியல" என்று முதலாளியிடம் சொன்னாள். தாளிலும் அப்படியே எழுதினாள். என் சொல்லை நம்பினதால் தன் படிப்பை நம்பாமல் போனாள்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் பிள்ளைகளா. ஜாபுக்குப் பொட்டு வைத்ததை மன்னிக்கலாம். அது நல்லதை நினைத்துச் செய்தது. "வித்தியாசமா செஞ்சோமா" என்று ஒருத்தர் கேட்டால் உங்களை மாட்டிவிடக் கேட்கவில்லை. மீட்டர் பார்க்கிற மாதிரி உங்களைப் பார்க்கிறார். மீட்டர் தப்புக் காட்டினால் அவர் நல்ல சூளையை உடைத்துப் போடுவார். அன்றைக்கு நான்தான் அந்த மீட்டர்.

அந்த வாரம் முழுக்கச் சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்றே ஓட்டினேன். அவள் சாப்பிடும்போது போவேன். போய், குழம்பு ஊற்றிவிட்டு வருவேன். புதன்கிழமை ராஜினாமா கொடுத்தாள். வியாழக்கிழமை கிளம்பினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேபினுக்கு வந்து, ரவைத் தூசியோடு இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்லன்னா நான் ஜாபைத் தொட்டாவ, தொடலன்னு ஊரைக் குறை சொல்லிட்டே இருந்திருப்பேன். நீங்க சொன்னதாலதான் என் தப்புன்னு புரிஞ்சிட்டு. வாரேன்க்கா."

வாசல் வரைக்கும் கூடப் போனேன். எஸ்டேட் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினாள். கையை ஆட்டினேன்.

திங்கள்கிழமை காலையில் முதலாளி அறைக்குப் போய், துரையையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, எல்லாத்தையும் சொன்னேன். என் பேருக்கு இனி மதிப்பிருக்காது என்று தெரிந்தே சொன்னேன். நாலு நாள் முன்னால் வந்திருக்க வேண்டிய தைரியம்.

முதலாளி ரொம்ப நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "இன்னாம்மா நீ… சாமியக் கும்பிட்டு ஜாபைச் சாகடிச்சுட்டியே" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு எழுந்து நின்றார். "நெஜமாவா? அதனாலதான்னு எப்டிச் சொல்ற? செஞ்சு காட்டு."

மறுபடி ரெண்டு பீஸ் அடித்தேன். ஒன்றைச் சுத்தமாக வைத்தேன். இன்னொன்றுக்கு அதே விபூதி, அதே குழாய்த் தண்ணீர், அதே மூணு விரல். அதே மாதிரி துடைத்தேன்.

"வேற சாமி எதுனா வச்சுப் பாப்பமாக்கா? நாமம் போட்டா நிக்குதான்னு?" என்றான் துரை. சிரிக்க வைக்கத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து நாளில் தெரிந்துவிட்டது. பொட்டு வைத்தது அதே இடத்தில், அதே வடிவத்தில் உரிந்தது. சுத்தமாக இருந்தது நின்றது. துணிக்குத் தப்பி, கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் ஒளிந்திருந்த உப்பும் சாம்பலும் ஆடையைக் கட்ட விடவில்லை. நாம் பார்க்கிற சுத்தம் வேறு, நெருப்பு பார்க்கிற சுத்தம் வேறு.

நீங்கள் இப்போது வேலை செய்கிற சூளை அதுக்கப்புறம் வாங்கினதுதான். திரும்பி வந்துகொண்டிருந்த பர்னர் வாய்கள் திரும்பி வருவது நின்றது. நம்ம ஷாப்பில் ஜாபுக்குப் பொட்டு வைக்கிற வழக்கமும் அன்றோடு நின்றது. கதவுக்கு வைக்கிறோம், கம்ப்ரசருக்கு வைக்கிறோம். முதலாளி என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் உட்கார வைத்தார். "தன் தப்பைத் தானே மேசை மேல வச்ச ஆளு வேற யாரு கெடைப்பாங்க எனக்கு" என்றார். பெரிய மனசு.

அந்தப் பெரிய மனசுதான் இன்னொரு காரியமும் செய்தது. அவளுக்குப் போன் பண்ணி, முறை சரியாக வந்துவிட்டது, திரும்பி வந்துவிடு என்று கூப்பிட்டிருக்கிறார். "சந்தோசம் சார். சரி பண்ணவங்களுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க" என்று சொல்லி, வர முடியாது என்றுவிட்டாளாம்.

"காரணத்த சொன்னீங்களா சார்?" என்றேன்.

"உன் பேரை இழுக்கலம்மா. நீ கவலைப்படாத."

அவர் என்னைக் காப்பாற்றினதாக நினைத்தார். அவள் பெற்ற பிள்ளையை வேறு யாரோ பிழைக்க வைத்தார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படி யாருமே கிடையாது. அவள் சொன்னபடிதான் செய்தோம், ஒரு அணு மாற்றவில்லை.

அவள் நம்பர் என்னிடம் இருந்தது. மூணு தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் "லோகாக்கா, நல்லா இருக்கீயளா?" என்று அதே குரலில் கேட்டாள். கொரட்டூர் ஏரி நிரம்பியிருக்கா என்று கேட்டாள். துரைக்குக் கல்யாணமாயிற்றா என்று கேட்டாள். நான் ஏரியைப் பற்றிச் சொன்னேன், துரையைப் பற்றிச் சொன்னேன். நாலாவது தடவை, இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று வாசல் படியில் நின்றுகொண்டு கூப்பிட்டபோது, அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அதற்கப்புறமும் அப்பப்போ போட்டுப் பார்க்கிறேன்.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன், துரையிடம் சொல்லிவிட்டேன், இப்போது உங்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டிய ஒருத்திக்குச் சொல்லவில்லை. நீங்களெல்லாம் நாளைக்கு ஊர் ஊராக வேலைக்குப் போவீர்கள். இந்தத் தொழில் சின்னது, ஒருத்தரை ஒருத்தர் எங்கேயாவது பார்த்துக்கொள்கிற தொழில். கோட்டிங்குக்கு ஆடை கட்டுவதைப் பற்றித் திருநெல்வேலிப் பேச்சில் யாராவது ஒரு எஞ்சினியரம்மா சொல்லிக்கொடுத்தால், இந்தத் தாளை அவள் கையில் கொடுங்கள்.

அம்மாடி, உன் முறையில் ஒரு கோளாறும் இல்லை. அன்றைக்கு எல்லார் முன்னாலும் என்னை ஒன்று கேட்டாயே, அதை இன்னொரு தடவை கேளு.